தரமணி டு மரக்காணம்: பக்கிங்காம் கால்வாய் காட்டும் வீக் எண்ட் ரூட்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால், தரமணி, பெருங்குடி ஏரியா வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே கேள்விதான் ஓடும். ``நாளைக்கு எங்க போலாம்?'' பதிலும் ரெடியாக இருக்கும். பாண்டிச்சேரி, ஏலகிரி, இல்லைன்னா மகாபலிபுரம் கடற்கரைக் கோயில். ரீல்ஸில் பார்த்த அதே இடம், அதே ஆங்கிள், அதே செல்ஃபி. திரும்பி வந்து யோசித்தால் இடத்தைவிட டிராஃபிக்தான் அதிகமாக ஞாபகம் இருக்கும்.

இந்த முறை வேற ரூட் ட்ரை பண்ணுங்க. டைடல் பார்க்குக்கு எதிரே, திருவான்மியூர் ரயில் நிலையத்தை ஒட்டி கறுப்பாக ஒரு தண்ணீர் நிற்கிறதே, மூக்கைப் பொத்திக்கிட்டு கடந்துபோவோமே... அதுதான் ரூட். பக்கிங்காம் கால்வாய்! இதைப் பிடித்துக்கொண்டு தெற்கே போனால் 100 கி.மீக்கு மேல் நீளும். வழியில் சதுப்பு நிலம், மண்ணுக்குள் புதைந்துகிடந்த முருகன் கோயில், டச்சுக்காரர்களின் கல்லறை, கடலோரம் இடிந்து நிற்கும் கோட்டை என்று வரிசையாக வரும். பெரும்பாலான இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகூட கூட்டம் இருக்காது.

சாக்கடை இல்லை, சாலை!

1806-ல் பாசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்த கால்வாய் இது. பிறகு வடக்கே ஆந்திரா வரையும், தெற்கே மரக்காணம் வரையும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். அப்போது பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ துண்டை வெட்டினார்கள். வெட்டியது பசித்த ஜனங்கள். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

உப்பும் விறகும் படகில் சென்னைக்கு வந்த வழி இது. ஓ.எம்.ஆர், ஈ.சி.ஆர் எல்லாம் வருவதற்கு முன்னால் மகாபலிபுரத்துக்கு டூர் போனவர்களும் படகில்தான் போனார்கள். பாவேந்தர் பாரதிதாசன் 1930-களில் நண்பர்களோடு அப்படிப் போய்வந்து எழுதிய கவிதைதான் `மாவலிபுரச் செலவு'. செலவு என்றால் பயணம். நம்ம டூர் பட்ஜெட் இல்லை!

1960-களின் புயல்களில் அடிவாங்கிய பிறகு படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. அப்புறம் மயிலாப்பூர் முதல் திருவான்மியூர் வரை பறக்கும் ரயிலின் தூண்களையே கால்வாயில் நட்டார்கள். மயிலாப்பூரில் ஏறி தரமணியில் இறங்குகிறவர்கள் தினமும் இந்தக் கால்வாய் மேலேதான் பயணம் செய்கிறார்கள். 2008-ல் இதை தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாகவும் அறிவித்தார்கள். படகு இன்னும் வந்தபாடில்லை.

நம்ம ஆபீஸுக்குப் பக்கத்து வீடு

முதல் ஸ்டாப்புக்கு பெட்ரோல்கூட தேவையில்லை. தரமணிக்குத் தெற்கே பெருங்குடி, வேளச்சேரி, துரைப்பாக்கத்துக்கு நடுவில் விரிந்துகிடக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உள்ளூர்க்காரர்கள் இதைக் கழுவேலி என்பார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி வரும்.

தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலில் கலக்கும். ஒரு பெரிய ஸ்பான்ஞ் மாதிரி. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த ஸ்பான்ஞ்! அதில் ஒரு பக்கம் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு வந்தது. ரோடு, ரயில், ஐ.டி. பார்க், அபார்ட்மென்ட், கல்வி நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. மிச்சம் இருப்பது ஒரு துண்டுதான். 2015, 2023 டிசம்பர்களில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது `மழை ஜாஸ்தி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தண்ணீர் அதன் பழைய அட்ரஸுக்குத்தான் வந்தது.

2007-ல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற அங்கீகாரம் அது.

எப்படிப் பார்ப்பது? நவம்பர் முதல் மார்ச் வரை, காலை 6 மணிக்குப் போங்க. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோடு சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது. பூநாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, சிவப்புக் கால்களோடு தத்தி நடக்கும் பவளக்காலி உள்ளான் எல்லாம் ரோட்டோரத்திலிருந்தே தெரியும். 1,500 ரூபாய் பைனாகுலர் இருந்தால் போதும். அந்த ரோட்டில் வண்டிகள் பறக்கும் என்பதால் ஓரமாகப் பார்க் பண்ணிவிட்டுத்தான் வேடிக்கை. கூட வருகிற மணத்துக்கு நாங்க பொறுப்பில்லை!

கோவளம் தாண்டி...

கால்வாய் முட்டுக்காடு உப்பங்கழியில் கலந்து, மறுபடி தெற்கே ஓடுகிறது. கோவளத்தில் இப்போது சர்ஃபிங் கிளாஸ்தான் ஃபேமஸ். 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்துத் தகர்த்த கோட்டை இருந்த ஊரும் இதுதான். பக்கத்திலேயே திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்யகல்யாணப் பெருமாள் கோயில். `கல்யாணம் ஆகணும்னா போ' என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருப்பாங்க, அதனால் இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம்.

நின்று பார்க்க வேண்டியது அடுத்த ஊர். மகாபலிபுரத்துக்கு 5 கி.மீ முன்னால் வரும் சாளுவன்குப்பம். எல்லாரும் `டைகர் கேவ்' வாசலில் போட்டோ எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். முதலில் ஒரு விஷயம். அது குகையும் இல்லை, அங்கே புலியும் இல்லை. மேடை மாதிரி குடைந்த பாறையைச் சுற்றி இருப்பவை யாளி முகங்கள். அதே வளாகத்தில் அதிரணசண்ட மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. ஒரே கல்வெட்டை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து டூயல் லாங்குவேஜ் போர்டு!

அங்கிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் அந்த முருகன் கோயில். 2004 டிசம்பர் சுனாமி மணலை அரித்துப்போட்டதில் கல்வெட்டு உள்ள பாறைகள் வெளியே தெரிந்தன. திருவிழ்ச்சில் என்ற ஊரில் ஒரு முருகன் கோயில் இருந்ததாக எழுத்துகள் சொன்னன. ஊர் இருக்கிறது, கோயில் எங்கே? இந்தியத் தொல்லியல் துறை 2005-ல் தோண்ட ஆரம்பித்தது. மேலே பல்லவர் காலக் கற்கோயிலின் மிச்சம், அதற்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். கீழே உள்ளதை சங்க காலம் என்று கணித்தார்கள் அகழாய்வு செய்தவர்கள். வாசல் வடக்குப் பார்த்தது. முன்னால் ஒரு கல் வேல். கடல் இந்தக் கோயிலை முன்பே விழுங்கியிருக்கிறது என்பதும் மண் அடுக்குகளைப் பார்த்த ஆய்வாளர்களின் கருத்து. ஒரு அலை மூடியதை இன்னொரு அலை திறந்துவிட்டிருக்கிறது.

கல்வெட்டுகளில் ராஜா, போர் என்பதைவிட, விளக்கெரிக்கவும் விழா நடத்தவும் பொன் கொடுத்தவர்களின் கணக்குதான் முக்கியம். இப்போது பார்க்கப்போனால் செங்கல் அடித்தளமும் கொஞ்சம் கல்லும்தான் மிச்சம். `இவ்ளோதானா?' என்று தோன்றலாம். கதை தெரியாமல் போனால் 2 நிமிஷம், தெரிந்து போனால் ஒரு மணி நேரம். அந்த மாதிரி இடம் இது.

படித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு தரமணியிலேயே வசதி இருக்கிறது. சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களில் இருந்து உருவானது. பழைய தல புராணமோ, ஊர் வரலாறோ தேடுகிறவர்களுக்குப் புதையல். கேட்டலாக் ஆன்லைனிலேயே இருக்கிறது.

டச்சுக்காரர்கள் தூங்கும் ஊர்

கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையம். அதை ஒட்டியே சதுரங்கப்பட்டினம் இருப்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் வாயில் அது `சட்ராஸ்' ஆனது. 14-ம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர் பெயரால் ராஜநாராயணன் பட்டினம். பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பகுதியில் நெய்த மெல்லிய மஸ்லின் துணிதான் அவர்களை இழுத்தது. கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை கட்டினார்கள்.

உள்ளே போனால் கிடங்குகள், கூடவே ஒரு கல்லறைத் தோட்டம். 17, 18-ம் நூற்றாண்டுகளில் இங்கே இறந்தவர்களின் கற்பலகைகளில் பூவேலைப்பாடு, மரபுச் சின்னம், டச்சு எழுத்து எல்லாம் இன்னமும் கூர்மையாக இருக்கின்றன. பூட்டியிருந்தால் அங்கிருக்கும் காவலர் அண்ணனிடம் பொறுமையாகக் கேளுங்க. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதிக்கொண்டன. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. பக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் தேவை.

ஆலம்பரை: போறதுன்னா சீக்கிரம் போங்க

தரமணியிலிருந்து சுமார் 100 கி.மீ. ஈ.சி.ஆரில் கடப்பாக்கம் வந்ததும் கிழக்கே திரும்ப வேண்டும். இந்த ஏரியாவுக்குப் பெயர் இடைக்கழிநாடு. இன்றைக்கும் பேரூராட்சியின் பெயர் அதுதான். சிறுபாணாற்றுப்படை பாடிய புலவரின் பெயரே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஒரு பஸ் ஸ்டாப் பெயருக்கு இவ்வளவு வயசு!

ஆலம்பரைக் கோட்டை 18-ம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்தது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. இங்கே நாணயச் சாலை இருந்தது, கப்பலில் சரக்கு ஏற்ற இறக்க துறை இருந்தது. டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் டைரியில் இந்த ஊர்ப் பெயர் அடிபடும். 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து, பிரெஞ்சுக்காரர்களுக்கு மறுபடி பயன்படக் கூடாது என்று உடைத்துப்போட்டார்கள். மிச்சத்தை உப்புக்காற்று, புயல், 2004 சுனாமி எல்லாம் பார்த்துக்கொண்டன.

மதிலின் துண்டுகள் இப்போதும் நிற்கின்றன. ஒரு பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் செங்கல் நிறத்தைப் பார்க்கணும். கோட்டையில் எனக்கு எரிச்சல் வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். 250 வருஷச் சுண்ணாம்புக் காரையில் ஆணியால் கீறிய ஹார்ட்டின்களும் காதலர் பெயர்களும். அந்தக் காதல் எவ்வளவு நாள் நின்றதோ தெரியாது, காரை உதிர்வது நிற்கவில்லை. மதில் மேல் ஏறி வீடியோ எடுப்பதும் வேண்டாம், செங்கற்கள் ஆடுகின்றன. உப்பங்கழியில் சுற்றிக்காட்ட மீனவர்கள் படகு வைத்திருப்பார்கள். ரேட்டை முதலிலேயே பேசிக்கோங்க, லைஃப் ஜாக்கெட் கேளுங்க. கடலில் இறங்குவது நல்லதில்லை.

இன்னொரு கழுவேலி

இன்னும் கொஞ்சம் தெற்கே மரக்காணம். கால்வாய் இங்கே முடிகிறது. ரோட்டின் ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். ஊருக்குள் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊருக்குத் தென்மேற்கே விரிகிறது கழுவேலி. பெயரைக் கவனிச்சீங்களா? பள்ளிக்கரணையை உள்ளூர்க்காரர்கள் கூப்பிட்ட அதே பெயர்.

தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சார் பட்டியலுக்கும் வந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வரும். நம் பக்கத்துக் கழுவேலியில் அபார்ட்மென்ட் வரிசை தெரியும் இடத்தில், இங்கே வானம்தான் தெரிகிறது. வேளச்சேரி, பெருங்குடி எல்லாம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரவேண்டிய இடம். இங்கேயும் ஓரங்களில் ஆக்கிரமிப்பும் வேட்டையும் உண்டு, அதனால் `அப்புறம் பார்த்துக்கலாம்' லிஸ்ட்டில் போடாதீங்க.

எப்படிப் போவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மறுபடி டிராஃபிக்தான் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கரணைக்கு ஒரு காலை. கோவளம், சாளுவன்குப்பத்துக்கு ஒரு சனிக்கிழமை, திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் மாநகரப் பேருந்திலேயே போய்வரலாம். சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணத்துக்கு ஒரு முழு நாள். ஈ.சி.ஆர் வழி புதுச்சேரி பஸ்ஸில் கடப்பாக்கத்தில் இறங்கினால் கோட்டைக்கு சுமார் 3 கி.மீ, ஆட்டோ கிடைக்கும். பைக் என்றால் காலை 5 மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி பிளான் பண்ணுங்க. கோட்டைப் பக்கம் கடைகள் குறைவு, தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். காலி பாட்டிலும் உங்களோடவே தரமணிக்குத் திரும்பட்டும்.