கொட்டகையில் நிற்கும் ஜீப்

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க வில்லிஸ் கம்பெனி 1941-இல் செய்யத் தொடங்கிய ஜீப், 1940களின் இறுதியில் மஹிந்திரா மூலம் பம்பாய்க்கு வந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குக் கிடைத்த வேலை, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியே நடந்துபோவார்கள். வண்டிப்பாதை இல்லாததால் ஜீப்புகள் போடிமெட்டோ, கம்பம்மெட்டோ சுற்றித்தான் போயின. விடியுமுன் ஹாரன் கேட்டால் தூக்குவாளியோடு தெருவே கிளம்பும்.

அப்பா 1968-இல் வாங்கிய ஜீப் இன்றும் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. "வித்துருவோம்ப்பா, எலிதான் வயரைத் தின்னுது" என்கிறான் மகன்.

2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை ரூ. 20,000 கட்டிப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆனால் அசல் மாறியிருக்கக் கூடாதாம். எங்கள் வண்டியிலோ செலவு கட்டாமல் பெட்ரோல் எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சின் வைத்தாயிற்று. ஆள் உட்காரப் பின்பக்கத்தையும் நீட்டியாயிற்று. உழைத்த தழும்பே அதற்குத் தடை! விலைக்குக் கேட்டவரோ பிரித்து விற்கிறவர்.

நண்பர்களே, நம் கல்லூரியில் நான் கட்டிய ஃபீஸ் அந்த ஜீப் ஓடிச் சம்பாதித்தது. பாட்டரியைக் கழற்றி, டேங்கை வடித்து, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டேன். விற்கவில்லை.