கொயினாப் பட்டையை யாருக்காகச் சோதித்தார்கள்?

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போற பாதையில் சீதா எலிய கோவிலைத் தாண்டினால் ஹக்கல பூங்கா. ஏப்ரல் சீசனில் அங்கே பூப் பார்க்கப் போகாதவர்கள் நம்ம மலையில் குறைவு. ஆனால் 1861இல் வெள்ளைக்காரன் அந்த இடத்தில் தோட்டம் போட்டது பூவுக்காக இல்லை, ஒரு மரத்தின் பட்டைக்காக. அந்த மரம் சிங்கோனா. அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா அதன் பட்டையிலிருந்துதான் வந்தது.

கோப்பி போய்த் தேயிலை வந்த கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். நடுவில் சில வருஷம் இந்த மலைகளில் மருந்து விளைந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இன்றைக்கு மூலிகை மருந்தின் தரம், கலப்படம் என்று எல்லோரும் பேசும்போது அந்தக் கதையைத் திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சிங்கோனா தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக் காட்டு மரம். 1820இல் பாரிசில் பெல்லத்தியேயும் கவந்தூவும் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். வெப்ப நாடுகளில் படை வைத்திருந்த பிரித்தானியாவுக்கு அது அவசியமாகிவிட்டது. 1860இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் தலைமையில் போனவர்கள் விதையும் கன்றும் கொண்டுவந்தார்கள். ஊட்டியிலும் ஹக்கலவிலும் அவை வளர்ந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் கன்று கொடுக்கத் தயாராக இருந்தும் துரைமார் முதலில் சீந்தவில்லை. கோப்பியில்தான் காசு கொட்டியதே! லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் மாதிரிச் சிலர் மட்டும் நட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அது பரவப் பரவ எல்லோரும் சிங்கோனாவின் பக்கம் ஓடினார்கள். 1883இல் 60,000 ஏக்கருக்கு மேல் சிங்கோனா நின்றது. 1886இல் சுமார் 150 லட்சம் இறாத்தல் பட்டை கப்பலேறியது.

இதில் ஒரு சிக்கல். பட்டையைக் கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. நிறத்தைப் பார்க்கலாம், கடித்துக் கசப்பைப் பார்க்கலாம், ஆனால் உள்ளே கொயினா எவ்வளவு என்பதை இரசாயனப் பரிசோதனைதான் சொல்லும். மரத்தின் இனம், வயது, நின்ற உயரம் எல்லாமே கணக்கு. ஒரே மரத்தில் கூட வேர்ப் பட்டை வேறு, தண்டுப் பட்டை வேறு, கிளைப் பட்டை வேறு. ஊட்டியில் மக்கைவர் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி வைத்தார். திரும்ப வளர்ந்த பட்டையில் கொயினா கூடுதலாக இருந்தது. இதையெல்லாம் அளந்து சொல்ல 1866இல் புரோட்டன் என்ற இரசாயனவியலாளரை அரசாங்கம் ஊட்டிக்கு அனுப்பியது. லண்டனில் ஜோன் எலியட் ஹவார்ட் இதற்கென்றே பேர்போனவர்.

சந்தையிலும் வெறும் நிறையைப் பார்த்து விலை போடவில்லை. பட்டையில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொயினா சல்பேட் என்று பார்த்து, ஒரு பங்கை ஒரு 'யூனிட்' என்று வைத்து விலை பேசினார்கள். உரித்தது, உலர்த்தியது, சுமந்தது நம்ம ஆட்கள். பரிசோதனை முடிவு போனது துரைக்கும் வியாபாரிக்கும். கொழுந்து நிறுக்கும்போது கழிவு வெட்டுற கதை தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

நம்ம மலையில் கூடுதலாக நின்றது சிவப்புப் பட்டை இனம். நன்றாக வளரும், கொயினா குறைவு. டச்சுக்காரர்களின் கதை வேறு. பொலிவியாவில் மனுவேல் இன்க்ரா மமானி என்ற அய்மாரா மனிதர் நல்ல மரங்களாகத் தேடிச் சேர்த்த விதையை, அவருடைய முதலாளி சார்ள்ஸ் லெட்ஜர் 1865இல் விற்கப் பார்த்தார். பிரித்தானிய அரசாங்கம் வேண்டாம் என்றது. டச்சு அரசாங்கம் ஒரு இறாத்தல் வாங்கி ஜாவாவில் நட்டது. அங்கே சில மரங்களில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் கொயினா இருந்தது. மமானியைப் பொலிவியாவில் சிறையில் போட்டு அடித்தார்கள், அந்த அடியிலேயே அவர் செத்துப்போனார். பட்டைக்கு லெட்ஜரின் பெயர் வந்தது. இலங்கைப் பட்டை சந்தையில் குவிந்ததில், அவுன்ஸ் 12 ஷில்லிங் வரை விற்ற கொயினா சில வருஷத்தில் ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு இறங்கியது. துரைமார் மரத்தைப் பிடுங்கித் தேயிலை போட்டார்கள்.

ஆனால் நம்ம பட்டை உண்மையிலேயே மட்டமா? 1866இல் மதராசில் அமைத்த ஆணைக்குழு ஒன்று பட்டையிலிருக்கும் நாலு சத்துகளை, அதாவது கொயினா, கினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகியவற்றை, 2,000க்கும் மேற்பட்ட காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தது. நாலுமே காய்ச்சலைக் கேட்டன, சிங்கோனின் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது. சிவப்புப் பட்டையில் கொயினா குறைவென்றாலும் மற்றச் சத்துகள் நிறைய. ஆகவே ஏழைக்குக் கொடுக்கிற மலிவான காய்ச்சல் மருந்துக்கு அது நல்ல சரக்கு. கொயினாவை மட்டும் தேடிய வியாபாரிக்குத்தான் அது மட்டம். தரம் என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கான தரம் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

இத்தனைக்கும், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த நம்ம சனம் காய்ச்சலிலும் கொலராவிலும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆளைக் கண்காணிக்கத் தெரியாத அரசாங்கமும் இல்லை. 1901இல் வந்த முறைப்படி ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுத்தார்கள். தோட்டப் பகுதிக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு இலக்கம், ஆளுக்கு ஒரு இலக்கம். ஆள் எந்தத் தோட்டத்துச் சொத்து என்பது அதில் தெரிந்தது, அவருக்குக் காய்ச்சலா என்பது தெரியவில்லை. 1934-35இல் மலேரியா இந்த நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொன்றபோது, கொயினா வியாபாரம் எப்போதோ ஜாவாவின் கைக்குப் போயிருந்தது.

மூலிகையில் இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. சீன வைத்தியத்தில் 'சிங்ஹாவ்' என்ற பெயரில் பல செடிகள் இருந்தன. 1970களில் தூ யூயூவின் குழு தேடியபோது, மலேரியாவைக் கேட்கும் சத்து அதில் ஒரே இனத்தின் இலையில்தான் போதுமான அளவு இருந்தது. இனத்தைச் சரியாகப் பிடித்ததால் ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்தது நேர்மாறு. உடம்பு மெலிய வைக்கும் சீன மூலிகை மாத்திரையில், பெயர் ஒற்றுமையால் ஒரு வேருக்குப் பதில் இன்னொரு வேர் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது. மாறிப்போன அந்தச் செடி நம்ம ஆடுதின்னாப்பாளைக்கும் ஈஸ்வரமூலிக்கும் சொந்தக்காரன். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இங்கிலிஷ் மருந்து மட்டும் என்ன? 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் போட்ட சொட்டு மருந்தால் தொற்று ஏற்பட்டு, சிலருடைய பார்வையே போனது. மருந்தைத் திருப்பி எடுத்தது அதற்குப் பிறகுதான். ஹக்கலவிலிருந்து அந்த ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டர் தூரம் இருக்கும்.

டவுன் கடையில் வாங்குகிற தைலப் போத்தலையும் சூரணப் பக்கெட்டையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன செடி, யார் செய்தது, எந்தத் தொகுதி, எப்போது காலாவதி? பலதில் இந்த விவரம் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ மட்டும் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. லயத்தில் அதைக் குடிக்கிற பாட்டிக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும்.