பாப்பா ரூமுக்குப் பச்சை

பாப்பா ரூமுக்குப் பச்சை அடிக்கலாம்னாங்க தங்கமணி. நமக்குத்தான் வரலாறு சும்மா விடாதே!

1775-ல் சுவீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் ஒரு பளிச் பச்சையைக் கண்டுபிடித்தார். உள்ளே ஆர்சனிக்! 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் சுவர்த்தாளாக அது ஒட்டிக்கொண்டது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதிலிருந்து விஷவாயு கிளம்பும் என்று 1890-களில் காட்டினார் இத்தாலியின் கோசியோ. நெப்போலியன் 1821-ல் இறந்த செயின்ட் ஹெலினா வீட்டுச் சுவர்த்தாளிலும் ஆர்சனிக் இருந்திருக்கிறது. ஆனா சாவுக்கு அதான் காரணம்னு சொல்லிட முடியாது.

இன்னிக்கு அந்தப் பச்சை கிடையாது. என் பயம் அடியில இருக்கிற பழைய பெயிண்ட் மேலதான். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் வரம்பு 2017-ல்தான் அமலுக்கு வந்தது. எங்க வீடோ அதுக்கு ரொம்ப முந்தினது. சுரண்டினா பறக்கிற தூசியில ஈயம் இருக்கலாம்.

அதனால சுவரை நனைச்சுத்தான் தேய்க்கணும்னு சொல்லிட்டேன். வேலை முடிஞ்சு வீட்டைத் துடைக்கிற வரைக்கும் பாப்பா பாட்டி வீட்ல.

கலரா? பச்சையேதான், வேற வழி? :-)