கணக்கில் ஏறாத மரணங்கள்

1998-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கி, பின்னர் ஒரகடம் வரை இயந்திரசாலைகள் பெருகுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அண்மையிலுள்ள அரக்கோணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடு செய்யும் தொழில் வேரூன்றியிருந்தது. மலிவும் நெருப்புக்கு அஞ்சாத திடமும் கொண்ட அத்தகடு ஏழையின் வீட்டுக்கும் பட்டறைக்கும் கூரையாயிற்று.

1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்னும் நோயியல் மருத்துவரும் அவர்தம் சகாக்களும் 33 நோயாளிகளின் விருத்தாந்தத்தை வெளியிட்ட பிறகே, அக்கல்நாரின் இழைக்கும், நுரையீரலின் மேலுறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தம் உலகுக்குத் தெளிவாயிற்று. தூசியைச் சுவாசித்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே வியாதி பெரும்பாலும் தலைகாட்டுவதால், 1968 முதல் தனிப் பதிவேடு வைத்திருக்கும் பிரிட்டன், 1999-இல் அப்பொருளை விலக்கிய பின்னும் வருஷந்தோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட மரணங்களைக் கண்டது.

அக்கனிமத்தை ஏராளமாக இறக்குமதி செய்யும் நம் தேசத்திலோ பதிவான எண்ணிக்கை சொற்பம். அது ஆரோக்கியத்தின் லட்சணமன்று. இங்கே நிகழும் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கே வைத்தியர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். கல்நார்த் தொழிலாளரின் ஆரோக்கியப் பதிவுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்கவேண்டும் என 1995-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது, இந்நோயின் நெடுங்காலத்துக்கு ஏற்ற நியதியே. ஆயினும் ஆலைக்கு ஆலை மாறும் ஒப்பந்தத் தொழிலாளியை அப்பதிவு தொடர்ந்து சென்றாலன்றி, தேசத்தின் மரணக் கணக்கு மெய்யாகாது.