கோப்பும் விசையும்: கணினிக் கோப்பு முகாமையில் விசைப்பலகை பெற்ற இடம்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பலர் அதனை ஒரு நேர்கோட்டு வளர்ச்சியாகவே காட்ட விழைகின்றனர். கட்டளைச் சொற்களைத் தட்டச்சுச் செய்த காலம், படங்களைச் சுட்டியினால் இயக்கிய காலம், திரையை விரலால் தொடும் காலம் என அவ்வரலாறு வகுக்கப்படுகின்றது. இவ்வகுப்பின்படி நோக்கின், விசைகளை அழுத்திக் கோப்புகளைத் தேடுவதும் திறப்பதும் இடம்மாற்றுவதும் பழங்காலத்தின் எச்சங்களாகவே தோன்றும். ஆயின், இன்றும் வின்டோஸ் முறைமையில் 'எப் 2' விசை கோப்பின் பெயரை மாற்ற உதவுகின்றது; 'ஆல்ட்' விசையோடு மேல்நோக்கிய அம்புவிசையை அழுத்தின் வெளிக் கோப்புறைக்குச் செல்லலாம். இவை வெறும் எச்சங்களாயின் ஏன் அழியவில்லை? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுட்டி உலகறிய வந்த நிகழ்விலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பாட் தமது குழுவினர் ஆக்கிய முறைமையை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். அன்று அவரது வலக்கையிற் சுட்டி இருந்தமை பலரும் அறிந்ததே. இடக்கையின் கீழ், பியானோக் கட்டைகளை ஒத்த ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையொன்று இருந்தமை அத்துணை பேசப்படுவதில்லை. இடத்தைச் சுட்ட ஒரு கை, வினையைக் கூற மற்றொரு கை என்பதே அவர் கொண்ட கருத்தாகும். 1981 இல் சேரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்' கணினி கோப்புகளையும் கோப்புறைகளையும் மேசை மீது கிடக்கும் பொருள்கள் போலப் படமாகக் காட்டியது. அதன் விசைப்பலகையிலும் நகர்த்தல், படியெடுத்தல், அழித்தல் ஆகிய வினைகளுக்குத் தனித்தனி விசைகள் அமைந்திருந்தன. எனவே, தொடக்கத்தில் சுட்டியும் விசையும் பகைப்பொருள்களாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு.

தனியாள் கணினியின் வரலாறு வேறொரு வழியிற் சென்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 இல் வெளியிட்ட கணினி 'டொஸ்' முறைமையின் கட்டளைச் சொற்களால் இயங்கியது. 1983 இல் 10 மெகாபைற்று வன்தட்டுடன் அடுத்த கணினி வந்தபோது, டொஸ் முறைமையின் இரண்டாம் பதிப்பு கோப்புறைக்குள் கோப்புறை அமைக்கும் வசதியைத் தந்தது. இதனால் ஒழுங்கு பிறந்தது; உடன் ஒரு தொல்லையும் பிறந்தது. கோப்பு எங்குள்ளது என்பதனை நினைவில் வைத்து, அதற்குரிய வழி முழுவதையும் எழுத்துப் பிசகாது தட்டச்சுச் செய்தல் வேண்டியதாயிற்று.

இத்தொல்லைக்கு ஜோன் சோகா கண்ட தீர்வே 1986 இல் வெளிவந்த 'நோட்டன் கொமாண்டர்' எனும் செய்நிரலாகும். திரை இரு பத்திகளாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றிற் கோப்பு இருக்குமிடமும், மற்றதில் அது செல்லவேண்டிய இடமும் ஒருங்கே தெரிந்தன. 'டாப்' விசை ஒரு பத்தியிலிருந்து மற்றதற்குக் கொண்டு சென்றது. 'எப் 5' படியெடுத்தது. 'எப் 6' இடம் மாற்றியது. 'எப் 8' அழித்தது. இவ்விசைகளின் பெயர்கள் திரையின் அடிவரியில் எப்போதும் எழுதப்பட்டிருந்தமை சிறப்பாக அவதானிக்கத்தக்கது. புதியவர் கண்ணாற் பார்த்துக் கற்றார். பழகியவரின் விரல்கள் கண்ணின் துணையின்றியே இயங்கின. கற்போனையும் கற்றோனையும் ஒரே திரை ஏற்றுக்கொண்டது. 1993 இல் கிறிஸ்டியன் கிஸ்லரும் 1994 இல் மிகுவல் டி இக்காசாவும் வெளியிட்ட செய்நிரல்கள் இம்மரபையே தொடர்ந்தன.

இதற்கு மாறான நிலைப்பாட்டை 1984 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டொஷ் கணினியிற் காண்கிறோம். அதன் விசைப்பலகையில் அம்புவிசைகளே இல்லை. கோப்புகளிடையே செல்லச் சுட்டியே வழி. எனினும் 1986 இல் வந்த மக்கின்டொஷ் பிளஸ் கணினி அம்புவிசைகளைக் கொண்டிருந்தது. கைவிட்டதை இரண்டே ஆண்டுகளில் மீண்டும் ஏற்க நேர்ந்தது.

அக்காலத்தில் விசைகளுக்குப் பொதுநெறி இருக்கவில்லை. நோட்டன் கொமாண்டரில் அழிப்பதற்குரிய 'எப் 8', 1990 இல் வந்த வின்டோஸ் 3.0 இன் கோப்பு முகாமைச் செய்நிரலிற் படியெடுப்பதற்குரியதாயிற்று. ஒன்றிற் பழகிய கை மற்றொன்றில் எத்தகைய இடருக்குள்ளாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இந்நிலையில் ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் வகுத்த பொதுப் பயனர் அணுகல் நெறிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. சுட்டியாற் செய்யக்கூடிய யாவும் விசைப்பலகையாலும் செய்யப்படல் வேண்டும் என்பது அந்நெறிகளின் அடிப்படைகளுள் ஒன்று. வின்டோஸ் இவற்றிற் பலவற்றை ஏற்றுக்கொண்டது.

இக்கோட்பாட்டின் முழுப் பயனும் வேறொரு பகுதியினர் வாழ்விற் புலனாயிற்று. டொஸ் காலத்தில் திரையில் இருந்தவை எழுத்துகளே. ஆதலால் அவற்றைக் குரலாக மாற்றுதல் இயன்றது. பார்வையிழந்த டெட் ஹென்டர் இணைந்து நிறுவிய நிறுவனம் 1989 இல் வெளியிட்ட 'ஜோஸ்' செய்நிரல் அத்தகையது. அதுபோன்ற செய்நிரல்களின் துணையோடு பார்வையற்றோர் கணினித் தொழில்களிற் புகுந்தனர். படத்திரை பரவியபோது எழுத்துகள் வெறும் புள்ளிகளாயின. பெற்ற தொழிலை இழக்க நேருமோ என்னும் அச்சம் எழுந்தது. திரையைப் படித்துச் சொல்லும் புதிய செய்நிரல்கள் அவ்விடரின் ஒரு பாதியையே தீர்த்தன. வின்டோஸுக்குரிய 'ஜோஸ்' 1995 இல் வந்தது. மறு பாதியைத் தீர்த்தது விசைப்பலகை. சுட்டி கண்ணின்றி இயங்காது. அம்புவிசையோ ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு முறையாகச் செல்கிறது. சென்ற ஒவ்வொன்றன் பெயரையும் குரல் சொல்லக்கூடும். ஊழியரின் விரைவுக்கென வகுத்த வழி, பார்வையற்றோர் உட்புகும் வாயிலாயிற்று.

விசைகளை மனனஞ் செய்வது சுமையென்பதும், முறைமைக்கு முறைமை அவை வேறுபடுகின்றன என்பதும் உண்மையே. வின்டோஸில் கோப்பைத் திறக்கும் 'என்டர்' விசை மக்கின்டொஷில் அதன் பெயரை மாற்ற முற்படுகின்றது. ஆயினும் இவை விசைவழியைச் செம்மைப்படுத்துவதற்குக் காரணங்களேயன்றி அதனை அடைப்பதற்குக் காரணங்கள் ஆகா.

இதுகாறும் கூறியவற்றால், விசைவழி கடந்த காலத்தின் எச்சமன்று என்பதும், அது நிலைத்தமைக்கு வெறும் பழக்கம் மட்டுமே காரணமன்று என்பதும் பெறப்படும். 2008 இல் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள், எல்லாத் தொழிற்பாடுகளும் விசைப்பலகையால் இயலவேண்டும் என்பதை அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாக வைத்துள்ளன. புதிய திரைகளை ஆக்குவோர் ஒரு விசைவழியை வீணென நீக்குமுன், அவ்வழியால் நடப்பவர் யாவர் எனக் கேட்டல் கடனாகும். அவர்களுட் சிலருக்கு வேறு வழியே இல்லை.