கண்ணாடியை கழற்ற லேசர் ஆபரேஷன்: கண்ணுக்கு ஆபத்து உண்டா?

வேர்வையில் மூக்கில் இருந்து வழுக்கி இறங்கும் கண்ணாடி, மழையில் பைக் ஓட்டும்போது எதுவும் தெரியாமல் தவிப்பு, "சோடா புட்டி" என்ற கிண்டல்... கண்ணாடி போடுபவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லை. அதனால்தான் "20 நிமிடத்தில் கண்ணாடிக்கு குட்பை" என்ற விளம்பரத்தை பார்த்ததும் கால் தானாகவே கண் ஆஸ்பத்திரி பக்கம் திரும்புகிறது.

லேசர் ஆபரேஷனுக்கு வரும் வாலிபர்கள், இளம்பெண்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான். ஒன்று கல்யாணம். இன்னொன்று வேலை. இரண்டுமே அவசரப்படுத்தும் விஷயங்கள். ஆனால் கண்ணில் கை வைக்கும் விஷயத்தில் அவசரம் ஆகாது. இது முடி வெட்டுவது போல அல்ல. எடுத்த சதை திரும்ப வளராது.

சென்னையில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

லேசிக் என்றதும் ஏதோ வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்கிறோம். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் 1929-ம் ஆண்டு பிறந்து, சென்னை பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவன ஆராய்ச்சி கூடத்தில் வேலை பார்த்தார். 1981-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த ஊர் பண்டிகைக்கு வீட்டில் செய்த வான்கோழி விருந்தில் மிஞ்சியதை ஆராய்ச்சி கூடத்துக்கு எடுத்துப்போய், அதன் மீது எக்ஸைமர் லேசரை பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்து சதை கருகாமல், கத்தி வைத்ததை விட சுத்தமாக வெட்டு விழுந்தது. உடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் ஆகியோருக்கும் இந்த கண்டுபிடிப்பில் பங்கு உண்டு. 1983-ல் நியூயார்க் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோக்கல் இவர்களுடன் சேர்ந்து இதை கண்ணுக்கு பயன்படுத்தலாம் என்று காட்டினார். 2013-ம் ஆண்டு சீனிவாசன் உள்பட 3 பேருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசிய பதக்கம் வழங்கினார்.

இந்த கதையை சொல்வதற்கு காரணம் இருக்கிறது. "லேசர் கண்ணுக்குள் போய் நரம்பை பொசுக்கிடுமோ?" என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த லேசர் சூடு வைப்பது அல்ல. புற ஊதாக்கதிர். படுகிற இடத்தில் உள்ள திசுவின் மூலக்கூறு இணைப்பை உடைத்து ஆவியாக்கும். மேல் படலத்தோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் விழித்திரைக்கு போகாது. ஆபரேஷனின்போது முடி கருகுவது போல ஒரு வாசனை வரும். அப்போது பதறி தலையை ஆட்டி விடாதீர்கள். கண் எரியவில்லை, உடைந்த துணுக்குகளின் வாசனைதான் அது.

என்னதான் செய்கிறார்கள்?

கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது 1/2 மில்லி மீட்டருக்கு கொஞ்சம் கூட. லேசிக் ஆபரேஷனில் இதன் மேல் பகுதியை ஒரு மூடி போல வெட்டி புரட்டுகிறார்கள். முன்பு இதற்கு பிளேடு உள்ள கருவி மட்டும்தான். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் பெம்டோ லேசர் என்ற வேறு லேசரே இதை செய்கிறது. அடியில் உள்ள பகுதியை எக்ஸைமர் லேசர் செதுக்கும். பிறகு மூடியை பழையபடி வைத்துவிடுவார்கள். தையல் இல்லை. ஊசி இல்லை, சொட்டு மருந்திலேயே கண் மரத்துப்போகும். மூடி வெட்ட கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில வினாடி எல்லாம் இருட்டாகி விடும். இதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் இருக்காது.

லேசிக்குக்கு முன்பே வந்தது பி.ஆர்.கே. முறை. இதில் மூடி கிடையாது, மேல் தோலை மட்டும் அகற்றிவிட்டு நேரடியாக செதுக்குவார்கள். 3, 4 நாள் நல்ல வலி இருக்கும். பார்வை தெளியவும் நாளாகும். ஆனால் மூடி இல்லாததால் மூடியால் வரும் சிக்கலும் இல்லை. கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிபடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள். லேசிக் மூடி ஒட்டிக்கொண்டது போல இருந்தாலும் பழைய பலம் முழுசாக வராது. பல வருடம் கழித்து விரலோ, மரக்கிளையோ கண்ணில் பலமாக பட்டு மூடி நகர்ந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகி உள்ளன. மூன்றாவதாக ஸ்மைல். சின்ன துளை வழியாக உள்ளே இருந்து ஒரு துண்டை உருவி எடுப்பது. கிட்டப்பார்வைக்கு இதை 2016-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

எல்லாமே மைக்ரான் கணக்கு

ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிய ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம். ஒரு பவருக்கு சுமார் 15 மைக்ரான் செதுக்க வேண்டும். 540 மைக்ரான் கார்னியா உள்ள ஒருவருக்கு மைனஸ் 6 பவர் என்று வைத்துக்கொள்வோம். மூடி 110, செதுக்கல் 90. போக அடியில் 340 மைக்ரான் மிச்சம். பரவாயில்லை.

இன்னொருவருக்கு கார்னியா 480 தான். பவர் மைனஸ் 8. மூடி 110, செதுக்கல் 120 போனால் மிச்சம் 250. இதுதான் கடைசி எல்லைக்கோடு. பல டாக்டர்கள் 280, 300-க்கு கீழே போகவே மாட்டார்கள். மொத்த தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கை வைத்தால் ஆபத்து அதிகம் என்றும் ஒரு கணக்கு உண்டு. முதல் ஆளுக்கு அது 37 சதவீதம். இரண்டாவது ஆளுக்கு 48. அதே மெஷின், அதே டாக்டர், ஆனால் ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது!

மீறி செய்தால் என்ன ஆகும்? மெலிந்துபோன கார்னியா கண்ணின் அழுத்தம் தாங்காமல் கூம்பு போல முன்னால் பிதுங்க ஆரம்பிக்கும். எக்டேசியா என்று பெயர். இது சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். மிகவும் அரிதுதான், ஆனால் லேசிக்கில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வந்துவிட்டால் கிராஸ் லிங்கிங் சிகிச்சை, விசேஷ கான்டாக்ட் லென்ஸ், கடைசியில் கார்னியா மாற்று ஆபரேஷன் வரை போக வேண்டி இருக்கும். கண்ணாடியை கழற்ற போனவர் கண் தானத்துக்கு காத்திருக்கும் நிலைமை.

கெரட்டோகோனஸ் என்ற கூம்பு கார்னியா நோய் சிலருக்கு முன்பே மறைவாக இருக்கும். சிறு வயதில் இருந்து கண் அரிப்பு, எந்நேரமும் கண்ணை கசக்கும் பழக்கம், சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுவது - இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கார்னியாவை மேப் போல படம் எடுக்கும் டோப்போகிராபி பரிசோதனை இல்லாமல் "வாங்க, நாளைக்கே செய்திடலாம்" என்று சொல்லும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி விடலாம்.

இந்த மேப் சரியாக வர, கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முன்கூட்டியே அதை நிறுத்த வேண்டும். சாதாரண மென்மையான லென்ஸ் என்றால் 2 வாரம். கடினமான லென்ஸ் என்றால் 4 வாரம். இதை சிலர் மறைத்து விடுகிறார்கள். லென்ஸ் அழுத்தி வைத்திருந்த கார்னியாவை அளந்தால் கணக்கே தப்பாகிவிடும்.

அடிக்கடி வரும் தொல்லை

பார்வையே போய்விடும் அளவுக்கு சிக்கல் வருவது அபூர்வம். நிறைய பேருக்கு வருவது கண் வறட்சி. மூடி வெட்டும்போது கார்னியாவில் உள்ள மெல்லிய நரம்புகளும் அறுபடுகின்றன. அதனால் கண்ணீர் சுரக்கும் கட்டளை குறைகிறது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் சரியாகும். நாள் முழுக்க ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டரை பார்ப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும். வெகு சிலருக்கு நரம்பு சரியாக வளராமல் கண் நன்றாக தெரிந்தும் தீராத வலி மட்டும் தங்கி விடுகிறது. இதை "மனப்பிரமை" என்று ஒதுக்குவது தவறு.

அடுத்தது இரவு பார்வை. எதிரே வரும் லாரி விளக்கை சுற்றி வளையம், சிதறல், கூச்சம். பகலில் சோதனை அட்டையில் கடைசி வரி வரை படிப்பவர் கூட ராத்திரி பைபாஸ் ரோட்டில் திணறலாம். இரவு வண்டி ஓட்டுவதே பிழைப்பாக உள்ள டிரைவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த புகார்கள் அதிகமாகி 2008-ல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது விசாரணையே நடத்தியது. பிறகு கடற்படையினர், பொதுமக்கள் என சுமார் 570 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. முன்பு எந்த பார்வை தொல்லையும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 3 மாதத்தில் ஏதாவது ஒரு புது தொல்லை தெரிந்தது. முன்பு வறட்சி இல்லாதவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு வறட்சி வந்தது. அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேல் பார்வை திருப்தி என்றார்கள். அன்றாட வேலைக்கே ரொம்ப கஷ்டம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, விளம்பரம் சொல்வது மாதிரி "ஒன்றுமே ஆகாது" என்பதும் பொய், "லேசிக் செய்தால் கண் போச்சு" என்பதும் பொய்.

வேலைக்காக செய்பவர்களே... கவனம்!

முக்கியமான விஷயம் இது. ரெயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் அல்லது பவரை சரிசெய்யும் வேறு ஆபரேஷன் செய்தவர்கள் தகுதி இல்லை என்று ரெயில்வே தேர்வு வாரிய அறிவிப்பிலேயே இருக்கிறது. வேலை கிடைக்கும் என்று கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டு, எழுத்து தேர்வில் பாஸ் ஆகி, கடைசியில் மருத்துவ பரிசோதனையில் வெளியே வருவதை விட கொடுமை உண்டா? ராணுவத்திலும் எந்த வயதில் செய்தது, செய்து எத்தனை மாதம் ஆனது, மிச்சம் உள்ள கார்னியா எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். பிரிவுக்கு பிரிவு விதி மாறும். நீங்கள் குறி வைத்திருக்கும் வேலையின் அறிவிப்பை ஒரு தடவை முழுசாக படித்துவிட்டு அப்புறம் கண் டாக்டரை பாருங்கள்.

பண விஷயமும் அப்படித்தான். ஆஸ்பத்திரி, மெஷினை பொறுத்து சில பத்தாயிரங்களில் ஆரம்பித்து ஒரு லட்சத்தை தாண்டிப்போகிறது. இன்சூரன்சில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 7.5-க்கு குறைவான பவரை சரிசெய்யும் செலவை மருத்துவ காப்பீட்டில் விலக்கி வைக்க விதி இருக்கிறது.

யாருக்கு ஆகாது?

18 வயது ஆகாதவர்களுக்கு கூடாது. 18 முடிந்தாலும் ஒரு வருடமாக பவர் ஏறாமல் நிலையாக இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே இருக்கும் பவரை இன்று செதுக்கினால் நாளை மறுபடி கண்ணாடிதான். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தள்ளிப்போட வேண்டும். ஹார்மோன் மாற்றத்தால் அந்த நேரத்தில் பவரே மாறும். கட்டுப்படாத சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்ற நோய்கள், முன்பே கடுமையான கண் வறட்சி உள்ளவர்களுக்கும் ஆகாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் இளம்பெண்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பவர் மிக அதிகம், கார்னியா மெலிது என்றால் கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ் இருக்கிறது. அது கார்னியாவை செதுக்காது. ஆனால் கண்ணுக்குள் போய் செய்யும் ஆபரேஷன் என்பதால் அதற்கு வேறு ஆபத்துகள் உண்டு.

40 வயதை நெருங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. லேசிக் தூரத்து பார்வையை சரி செய்தாலும் வெள்ளெழுத்து வருவதை தடுக்காது. பேப்பர் படிக்க கண்ணாடி தேவைப்படும். கிட்டப்பார்வைக்காரர் இதுவரை கண்ணாடியை கழற்றிவிட்டு சவுகரியமாக படித்திருப்பார். அந்த வசதியும் போய்விடும்!

ஆபரேஷனுக்கு பிறகு

முதல் நாள் கண்ணீர், எரிச்சல் இருப்பது சகஜம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அடங்கும். நாள் ஆக ஆக குறைய வேண்டிய வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிவாக தெரிந்த பார்வை திடீர் என்று மங்கினாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். கிருமி தொற்றாக இருக்கலாம். மூடிக்கு அடியில் புகுந்த கிருமியை ஒழிப்பது சுலபம் அல்ல. சுத்தம் இல்லாத தண்ணீர் ஒரு காரணம் என்பதால் சில வாரத்துக்கு நீச்சல் குளம், கிணறு, குளத்து குளியல் கூடாது. தலைக்கு குளிக்கும்போதும் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. கண் மை வேண்டாம். தூக்கத்தில் கை கசக்கி விடாமல் இருக்க கொடுக்கும் பிளாஸ்டிக் மூடியை கட்டிக்கொண்டே தூங்குங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்த நாளுக்கு மேல் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றி விடும். லேசிக் செய்த கண்ணில் கார்னியா மெலிந்து இருப்பதால் அழுத்தம் அளக்கும் கருவி உண்மையை விட குறைவாக காட்டும். எனவே எந்த கண் டாக்டரிடம் போனாலும் லேசிக் செய்ததை முதலில் சொல்லுங்கள். கண்ணாடி போய்விட்டாலும் அதிக கிட்டப்பார்வை இருந்த கண்ணின் விழித்திரை பழைய மெலிந்த விழித்திரைதான். மின்னல் மாதிரி வெளிச்சமோ, கருப்பு புள்ளிகள் கூட்டமாகவோ தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த பவர், கார்னியா வளைவு, தடிமன் விவரங்கள் உள்ள ரிப்போர்ட்டை பலர் ஒரு வருடத்தில் பழைய பேப்பரோடு போட்டு விடுகிறார்கள். 60 வயதில் கண்புரை ஆபரேஷன் செய்யும்போது எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிட டாக்டருக்கு அந்த பழைய எண்கள் பெரிய உதவி. அது இல்லாமல் போடும் கணக்கு தப்பி, புது லென்ஸ் வைத்தும் மீண்டும் கண்ணாடி போட்டவர்கள் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரிஜினலை வீட்டு பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் பீரோவிலேயே வைத்து விடுங்கள்.