மாடல் ரயில் கேஸ்: நாலு வரி கமெண்ட்டுக்காக நடந்த நாலு வருஷச் சண்டை

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க கடைசியா ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை உங்க ப்ராஜெக்ட்ல சேர்த்தப்போ, அதோட லைசென்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தீங்களா? நான் ரொம்ப நாள் பார்த்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஃபைலைக் காப்பி பண்ணி, மேல இருந்த நாலு வரி காப்பிரைட் கமெண்ட்டை, சும்மா இடத்தை அடைக்குதுன்னு அழிச்சிட்டேன். கோட் ரிவ்யூல டீம்ல இருந்த சீனியர் அக்கா பிடிச்சுட்டாங்க. "அந்த நாலு வரிதான் தம்பி, அவர் இந்தக் கோடுக்குக் கேட்ட விலை"ன்னாங்க.

சரி, அந்த விலையைக் கொடுக்காம ஒருத்தர் எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போக முடியுமா? அமெரிக்காவுல இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன முக்கியமான கேஸ் லினக்ஸ் பத்தினது இல்லை. ஆண்ட்ராய்டு பத்தினதும் இல்லை. வீட்டு மாடியில தண்டவாளம் போட்டு ஓட்டுற மாடல் ரயில் பத்தினது.

ரயில் எப்படி ஓடுது?

முதல்ல டெக்னாலஜியைப் பார்த்துடுவோம். பழைய மாடல் ரயில்ல தண்டவாளம்தான் ஒயர். வோல்டேஜைக் கூட்டினா வேகம் கூடும், குறைச்சா குறையும். ஒரே தண்டவாளத்துல ரெண்டு இன்ஜின் நின்னா ரெண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். அதனால தண்டவாளத்தைத் துண்டு துண்டா, அதாவது பிளாக் பிளாக்கா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி சுவிட்ச் போட்டு சமாளிச்சாங்க.

1990-கள்ல இது மாறிச்சு. ஜெர்மனியோட லென்ஸ் கம்பெனி உருவாக்கின முறையை அடிப்படையா வச்சு, அமெரிக்காவோட நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன் ஒரு டிஜிட்டல் ஸ்டாண்டர்டு கொண்டு வந்தாங்க. பேரு டிசிசி. இதுல தண்டவாளத்துல பவர் எப்பவும் இருக்கும். அந்த பவரோட சேர்ந்தே 0, 1-ஆ செய்தி போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளேயும் டீகோடர்னு ஒரு சின்ன சர்க்யூட், அதுக்கு ஒரு நம்பர். கிளாஸ்ல வாத்தியார் ரோல் நம்பர் கூப்பிட்டா எல்லார் காதுலயும் விழும், ஆனா அந்த நம்பர்காரன் மட்டும்தான் எழுந்து நிப்பான் இல்லையா? அதேதான்.

செய்தி டிஜிட்டல் ஆயிடுச்சுன்னா, அதைக் கம்ப்யூட்டரே அனுப்பலாம். ஒரு பிளாக்ல கரண்ட் இழுக்குதுன்னா அங்க ரயில் நிக்குதுன்னு சென்சார் சொல்லும். அடுத்த பிளாக் காலியா? அப்போ பாயிண்டைத் திருப்பு, சிக்னலைப் பச்சையாக்கு, 3-ம் நம்பர் இன்ஜினைக் கிளப்பு. காலி இல்லையா? வேகத்தைக் குறை, நிறுத்து. ஆட்டோமேஷனோட மூளை அடிப்படையில இந்த இஃப்-எல்ஸ்தான்.

ஆனா ஒரு தலைவலி இருக்கு. ஒவ்வொரு டீகோடருக்குள்ளேயும் நம்பர் போட்ட செட்டிங்ஸ் இருக்கும். 1-ல இன்ஜினோட நம்பர். 3-ல எவ்வளவு மெதுவா வேகம் எடுக்கணும். 4-ல எவ்வளவு மெதுவா நிற்கணும். இப்படிச் சிலது பொதுவானது. மத்தது பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேற. யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு மேனுவலையும் படிச்சு, இந்த மாடல்ல இந்த நம்பருக்கு இதுதான் அர்த்தம்னு ஃபைல் ஃபைலா எழுதணும். இந்த ஃபைல்களை ஞாபகம் வச்சுக்கோங்க. சண்டையே இதுக்காகத்தான்.

யாரோட சண்டை?

பாப் ஜேக்கப்சன் கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர். அவருக்கு மாடல் ரயில் ஹாபி. அவரும் உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்களும் சேர்ந்து ஜாவா மாடல் ரெயில்ரோடு இன்டர்ஃபேஸ், சுருக்கமா ஜேஎம்ஆர்ஐ, அப்படிங்கிற சாஃப்ட்வேரை எழுதினாங்க. அதுல டீகோடர்ப்ரோன்னு ஒரு பகுதி. நான் சொன்ன டீகோடர் ஃபைல்கள் இருக்கிறது அதுலதான். எல்லாமே இலவசம். அப்போ அதோட லைசென்ஸ், பெர்ல் மொழியோட சேர்ந்து பிரபலமான ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்.

அந்தப் பக்கம் மேத்யூ காட்சர். இதே வேலைக்கான சாஃப்ட்வேரைக் காசுக்கு விற்கிற கேம் இண்டஸ்ட்ரீஸ் அவரோடது. அவர்கிட்ட ஒரு பேட்டண்ட் இருந்தது. ஜேஎம்ஆர்ஐ அதை மீறுதுன்னு சொல்லி ஜேக்கப்சனுக்கு லெட்டர் வந்தது. கேட்ட ராயல்டி 2 லட்சம் டாலருக்கும் மேல! இலவசமா கொடுத்த ஒரு சாஃப்ட்வேருக்கு!

ஜேக்கப்சன் பயந்து சைட்டை மூடிட்டுப் போகலை. 2006 மார்ச்ல அவரே கோர்ட்டுக்குப் போனார். அந்த பேட்டண்ட் செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லித்தான் முதல்ல கேட்டார். அதுக்கப்புறம்தான் கதை திரும்புச்சு. காட்சர் தரப்போட டீகோடர் கமாண்டர்ங்கிற சாஃப்ட்வேருக்குள்ள ஜேஎம்ஆர்ஐயோட டீகோடர் ஃபைல்கள்ல இருந்து எடுத்தது இருந்தது. எழுதினவங்க பேர் இல்லை. காப்பிரைட் வரி இல்லை. எங்கிருந்து எடுத்தது, என்ன மாத்தினாங்கன்னு ஒரு குறிப்பும் இல்லை. லைசென்ஸ் இதையெல்லாம் கேட்டிருந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான்.

கோர்ட் என்ன சொல்லுச்சு?

2007 ஆகஸ்ட்ல மாவட்ட கோர்ட் ஜேக்கப்சனுக்கு எதிரா முடிவு சொல்லுச்சு. லைசென்ஸ் எல்லாருக்கும் தாராளமா அனுமதி கொடுத்திருக்கு. பேர் போடலைன்னா அது ஒப்பந்த மீறலா இருக்கலாம், காப்பிரைட் மீறல் இல்லை. அதனால தடை உத்தரவு கிடையாது.

கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனா ஒப்பந்த மீறல்னா அடுத்த கேள்வி, உனக்கு எவ்வளவு நஷ்டம்? இலவச சாஃப்ட்வேருக்கு நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுறது? பூஜ்யம்னு வந்தா லைசென்ஸ் வெறும் வேண்டுகோள் ஆயிடும். உலகத்துல இருக்கிற அத்தனை ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுக்கும் இதே கதிதான். இது புரிஞ்சதாலதான் அப்பீல்ல கிரியேட்டிவ் காமன்ஸ், லினக்ஸ் ஃபவுண்டேஷன், விக்கிமீடியா ஃபவுண்டேஷன் எல்லாரும் ஜேக்கப்சன் பக்கம் மனு போட்டாங்க.

2008 ஆகஸ்ட் 13. ஃபெடரல் சர்க்யூட் அப்பீல் கோர்ட் அந்த முடிவை ரத்து பண்ணுச்சு.

அவங்க லாஜிக்கை நம்ம ஸ்டைல்ல சொல்றேன். "என் வண்டியை எடுத்துக்கோ, அப்புறம் பெட்ரோல் போட்டுடு"ன்னு நான் சொல்றேன். நீங்க போடலை. அது வாக்கு தவறினது. "பெட்ரோல் போடுறதா இருந்தா மட்டும் வண்டியை எடு"ன்னு சொல்றேன். போடாம எடுத்தா, என் அனுமதியே இல்லாம எடுத்ததா அர்த்தம். ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் ரெண்டாவது வகைன்னு கோர்ட் சொல்லுச்சு. காரணம், அதுல "ப்ரொவைடட் தட்"னு ரெண்டு வார்த்தை இருந்தது. கலிஃபோர்னியா சட்டத்துல வழக்கமா அது நிபந்தனையைக் குறிக்கும். நிபந்தனையை மீறினா அனுமதி இல்லை, அனுமதி இல்லைன்னா அது காப்பிரைட் மீறலாகலாம்.

எனக்குப் பிடிச்சது இன்னொரு விஷயம். காசு கைமாறலைன்னா பொருளாதார மதிப்பே இல்லைன்னு நினைக்கக் கூடாதுன்னும் கோர்ட் சொல்லுச்சு. பேர் இருந்தாத்தான் பயன்படுத்துறவங்க மூல ப்ராஜெக்டைத் தேடி வருவாங்க. வர்றவங்கள்ல சிலர் பிழையைத் திருத்துவாங்க, புது ஃபைல் எழுதுவாங்க. எழுதினவங்களுக்கும் நல்ல பேர் கிடைக்கும். அந்தப் பேரை அழிச்சா இந்தச் சங்கிலியே அறுந்துடும்.

இதோட ஜெயிச்சாச்சு, சுபம்னு முடிஞ்சதா? இல்லை. கேஸ் திரும்பக் கீழ் கோர்ட்டுக்கே போச்சு. 2009 ஜனவரியில அங்க தடை உத்தரவு மறுபடியும் கிடைக்கலை. எந்த மாதிரி பாதிப்புன்னு போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கடைசியில 2010 பிப்ரவரியில சமரசம். ஜேஎம்ஆர்ஐ ஃபைல்களைத் தொட மாட்டோம்னு காட்சர் தரப்பு நிரந்தரத் தடைக்கு ஒத்துக்கிட்டாங்க. 18 மாசத்துல 1 லட்சம் டாலர் கொடுக்கவும் சம்மதிச்சாங்க. 2 லட்சம் கேட்டு லெட்டர் வந்த இடத்துல, 1 லட்சம் திரும்பி வந்தது.

இந்தத் தீர்ப்பு இந்திய கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இல்லை. ஆனா அங்க "ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸெல்லாம் கோர்ட்ல நிக்குமா?"ன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பெரிய பதிலா ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. சண்டை ஆரம்பிச்ச அந்த ஃபைல்கள்ல பெரிய அல்காரிதம் எதுவும் இல்லை. எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு யாரோ சில பேர் மேனுவல் படிச்சு எழுதின பட்டியல். அவங்க கேட்டது காசு இல்லை. இதை நாங்க எழுதினோம்ங்கிற நாலு வரி. ஜேஎம்ஆர்ஐ இன்னைக்கும் இலவசமாத்தான் கிடைக்குது. டவுன்லோட் பண்ணி ஏதாவது ஒரு டீகோடர் ஃபைலைத் திறந்து பாருங்க. மேல அந்த மாதிரி காப்பிரைட் வரி கண்ணுல படும்.

அடுத்த தடவை காப்பி-பேஸ்ட் பண்ணும்போது அதை மட்டும் அழிச்சிடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.